நகரா விசை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தண்டவாளமே இல்லாத தீவில் ரயில்வே எழுத்தன் ஒருவனை மேடையேற்றியிருக்கிறீர்கள். இந்தப் பெரார்கஞ்சிலே வளர்ந்து, பத்தாம் வகுப்புத் தேறிக் கப்பலேறி, அக்கரையில் முன்பதிவுச் சன்னலின் பின்னே அமர்ந்தவன் நான். விடுப்புக் கிடைக்கும்பொழுதெல்லாம் இங்கு வருகிறேன். சென்ற மூன்று விடுப்புகளை முழுவதும் விழுங்கிவிட்ட ஒரு காரியத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அக்காரியம் ஒரு விசைப்பலகை. கடையில் வாங்கியதன்று, வீட்டில் செய்தது. அதன் ஒவ்வொரு விசையும் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே எழுதி வைத்தது. இதைக் கேட்டதும் என் தமக்கை, "ஐந்நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைப்பதை மூன்று விடுப்பு வீணாக்கிச் செய்வானேன்?" என்று வினவினாள். நியாயமான வினாவே. அதற்கு விடை சொல்லும் முகத்தான் இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

இச்சங்கத்தின் முன்னாள் செயலாளரும் என் தாய்மாமனுமாகிய பெரியவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மேடையில் தம் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. ஆதலால் மாமா என்றே குறிப்பிடுகிறேன். தமிழ்த் தட்டச்சில் மேல்நிலைத் தேர்வு பெற்றவர். இக்குடியிருப்பில் தமிழில் ஒரு கடிதமோ, அறிவிப்போ, திருமண அழைப்போ தட்டச்சாக வேண்டுமானால் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போவோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி வந்ததற்குப் பிந்திய வாரங்களில், அக்கரையிலுள்ள உறவினருக்கு, "இன்னார் நலம், இன்னாரைக் காணவில்லை" என்று எத்தனையோ கடிதங்களை இரவு பகலாக அடித்துக் கொடுத்தவர் அவர். இங்கிருக்கும் சிலர் அக்கடிதங்களை இன்னும் வைத்திருக்கக் கூடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கால் மீண்டது, வலக்கை மீளவில்லை. பேச்சும் சற்றே குழறிற்று. அதே ஆண்டில், உப்புக் காற்றில் துருவேறிக்கொண்டே வந்த அந்தத் தட்டச்சுப்பொறியும் நின்றுபோயிற்று. சங்கத்தின் பழைய குறிப்பேடுகள் ஐந்து அவரிடம் இருந்தன. முதற் குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து வந்தன, யார் யாருக்கு எந்த ஆண்டில் எது நேர்ந்தது, எந்தக் கூட்டத்தில் யாருக்கும் யாருக்கும் பிணக்கு என்பதெல்லாம் அவற்றில் உண்டு. பென்சில் எழுத்து, பாதி மங்கிவிட்டது, மீதியில் செல் அரித்திருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் படிக்கவல்லவர் அவர் ஒருவரே. கண்ணும் நினைவும் உள்ளபோதே அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று அவர் துடித்தார். ஆனால் கை ஒன்றுதான் இருந்தது.

கைப்பேசியிடம் பேசினால் அதுவே எழுதிவிடுமே என்று நம் இளைஞர்கள் கூறினார்கள். செய்து பார்த்தோம். தெளிவாகப் பேசுவோர்க்கு அது நன்றாகவே உதவுகிறது. மாமாவின் குழறிய சொற்களை அது தன் விருப்பம்போல் திரித்து எழுதியது. கோபத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லை மட்டும் பிழையின்றி எழுதிற்று. அச்சொல்லை இங்கே கூறுவதற்கில்லை.

தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற 'தமிழ்99' என்னும் விசையமைப்பைக் கற்கலாமே என்றும் சிலர் கூறினர். நல்ல அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் இடையே புள்ளி தானே வந்து சேரும். 'ங' அடித்துக் 'க' அடித்தால் 'ங்க' என்று ஆகும். 'அம்மா' என்பதற்கு நான்கே தட்டு. இன்று புதிதாகக் கற்கும் குழந்தைகள் அதனையே கற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எண்பதை எட்டிய விரலுக்குப் புதுப்பாடம் ஏறுமா? மாமாவின் விரல்களில் ஊறியிருந்தது பழைய தட்டச்சுப் பாடம். தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள் அடித்த 'ய ள ன க' நினைவிருக்கிறதா? அங்கே இரண்டு தலைகள் ஆடுகின்றன! இடக்கைச் சிறுவிரலில் ய, பிறகு ள, ன, சுட்டுவிரலில் க. வலக்கைச் சுட்டுவிரலில் த, பிறகு ம, ட, சிறுவிரலில் புள்ளி. மாமாவுக்கு மொழி மூளையில் இருந்ததோ இல்லையோ, விரலில் இருந்தது.

ஆக, விரலை மாற்ற இயலாது. பலகையைத்தான் மாற்ற வேண்டும். அதை எங்ஙனம் மாற்றுவது என்று சொல்வதற்கு முன், விசைப்பலகை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும்.

நம்மில் பலர், 'A' என்று எழுதிய விசையை அழுத்தினால் 'A' என்னும் எழுத்துக் கணினிக்குச் செல்கிறது என்று எண்ணுகிறோம். அவ்வாறன்று. செல்வது வெறும் எண். 'A' எழுதிய விசைக்கு எண் 4. 'H' எழுதியதற்கு 11. அந்த எண்ணுக்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது கணினியிலுள்ள அட்டவணை. என் தொழில் வழக்கில் சொன்னால், விசை என்பது படுக்கை எண். எழுத்து என்பது பயணி. எந்தப் படுக்கையில் எவர் படுப்பார் என்பது பலகையில் எழுதியிருப்பதன்று, பட்டியலில் எழுதியிருப்பது. பட்டியலை மாற்றினால் அதே படுக்கையில் வேறொருவர் ஏறிக்கொள்வார்.

வீட்டில் செய்யும் விசைப்பலகையின் சிறப்பு என்னவெனில், அதனுள்ளே நம் கட்டளைக்கு அடங்கிய ஒரு சில்லு இருக்கிறது. எந்த விசைக்கு எந்த எண் என்னும் பட்டியல் அச்சில்லினுள்ளேயே குடியிருக்கும். நாம் வேண்டியபடி அதனைத் திருத்தி எழுதலாம். இதற்கென 'கியூ.எம்.கே.' என்றொரு நிரல் உண்டு. ஜுன் வாகோ என்பவர் எழுதிய பழைய நிரலிலிருந்து ஜாக் ஹம்பர்ட் என்பவர் கிளைத்தெடுத்தது. பின்னர் உலகெங்கும் உள்ள ஆர்வலர் பலர் சேர்ந்து வளர்த்தது. எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

நான் செய்த பலகையில் 60 விசைகள். வரிசை 5, நிரை 12. அறுபது விசைக்கு அறுபது கம்பி வேண்டுவதில்லை. வரிசைக்கு ஒன்று, நிரைக்கு ஒன்று என 17 கம்பி போதும். பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் தெரிந்தால் பயணியைக் கண்டுவிடலாம் அல்லவா, அதே கணக்கு. சில்லு ஒவ்வொரு வரிசையாக, கண் இமைப்பதற்குள் பன்முறை, பரிசோதகர்போல் உலாவி வருகிறது; எந்த நிரையில் தொடர்பு கிடைக்கிறது என்று பார்க்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலையிலுள்ள விசைகளை ஒன்றாக அழுத்தினால், மின்னோட்டம் சுற்றுவழியில் புகுந்து, நான்காம் மூலையும் அழுந்தியதாகப் பொய் சொல்லும். டிக்கெட் இல்லாத பயணி! அதனைத் தடுக்க ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைக்க வேண்டும். டயோடு என்பது ஒருவழிக் கதவு. ஒரு திசையில் விடும், மறுதிசையில் விடாது. அறுபது டயோடுகளையும் ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றினேன். அவற்றுள் மூன்றைத் திசைமாற்றி வைத்துவிட்டு ஒரு முழு நாள் தேடினேன் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பொருள்கள் யாவும் அக்கரையிலிருந்து வர வேண்டும். மழைக்காலத்தில் அவை என்று வந்து சேரும் என்பது கடலுக்கே தெரியும். விசைகளைக் காற்றுப் புகாத டப்பாவில், பொட்டலங்களோடு வரும் ஈரமுறிஞ்சிப் பைகளைப் போட்டு வைத்திருந்தேன். ஆயினும் இரண்டு விசைகளில் பச்சை பூத்துவிட்டது. நம் தீவில் எதைச் செய்தாலும் துருவுக்குப் பங்கு கொடுத்தே தீர வேண்டும்.

பலகையைப் பாதி அளவில், இடக்கைக்கு மட்டும் செய்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். முப்பது விசை மிச்சம்; வேலையும் பாதி. படத்தை மாமாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "வலக்கை நாளைக்கு வந்துவிட்டால் அதற்கு இடம் எங்கே?" என்று கேட்டார். நான் ஒன்றும் பேசாமல் படத்தைக் கிழித்துவிட்டு அறுபது விசைக்கு வரைந்தேன்.

சரி, வலக்கைப் பக்கத்து எழுத்துகளை இடக்கை எங்ஙனம் அடிக்கும்? இதற்கு ஓர் அழகிய வழி உண்டு. நான் கண்டதன்று, முன்னோர் கண்டது. மனிதனின் இரு கைகளும் கண்ணாடியும் பிம்பமும் போன்றவை. வலக்கைச் சுட்டுவிரல் கற்றதை இடக்கைச் சுட்டுவிரல் எளிதில் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரு திருப்பு விசையை வைத்து, அதனைத் தட்டியபின் பலகை இடம் வலம் திரும்பியதாக எண்ணிக்கொள்ளச் செய்யலாம். இடக்கைச் சுட்டுவிரலின் கீழே 'க' இருக்கிறது; திருப்பியபின் அவ்விடத்தில் 'த' நிற்கும். நடுவிரலில் 'ன' திரும்பி 'ம' ஆகும். மோதிரவிரலில் 'ள' திரும்பி 'ட' ஆகும். சிறுவிரலில் 'ய' திரும்பிப் புள்ளியாகும். மாமாவின் வலக்கை கற்ற பாடம் வீணாகாமல் இடக்கைக்குள் இறங்கிவிடும்.

முதலில் இடைவெளி விசையையே திருப்பு விசையாக வைத்தேன். சட்டென்று தட்டினால் இடைவெளி. அழுத்திப் பிடித்தால் திருப்பம். நிரலில் இதற்கு வழக்கமான எல்லை 200 மில்லிவிநாடி. அஃதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இளைஞர் விரலுக்கு அது சரி. மாமாவின் தட்டே அதனினும் நீளம். அவர் இடைவெளி விட்டதாக எண்ணினார், பலகை திரும்பிக்கொண்டது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் புணர்ச்சி இலக்கணம் அறியாத புணர்ச்சியாயின. பிடித்திருக்கும் வேலையையே ஒழித்துவிட்டேன். கட்டைவிரலுக்குத் தனி விசை. ஒருமுறை தட்டினால் அடுத்த ஒரே ஒரு தட்டுக்குத் திருப்பம், பிறகு தானே நேராகிவிடும். 'ஷிப்ட்' விசைக்கும் அதே ஏற்பாடு. ஒரு கையால் இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தும் துன்பம் இதனால் ஒழிந்தது.

இனித்தான் உண்மையான சிக்கல். அதைச் சொல்வதற்கு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளி வரை உங்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

அங்கே 1886-இல் பிறந்தவர் இரா. முத்தையா. 1907-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். அங்கே அவர் முதலிற் பார்த்த வேலை எது தெரியுமா? ரயில்வேயில்! பின்னர் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து 1930 வரையில் தலைமை எழுத்தராக இருந்தார். ஆங்கிலத் தட்டச்சில் கைதேர்ந்தவர். தமிழுக்கு இப்படியொரு பொறி இல்லையே என்னும் ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. தமிழெழுத்து 247, பொறியின் விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு, விசைக்கு இரண்டே அச்சு. எப்படி அடக்குவது? எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். கொம்பு, கால், கொக்கி, புள்ளி என்பன தனித்தனி. ஆனால் ஆங்கிலப் பொறியில் ஒரு விசையை அடித்தால் உருளையைத் தாங்கிய வண்டி ஓர் அடி நகர்ந்துவிடும். 'க' அடித்துப் புள்ளி அடித்தால், புள்ளி 'க'வின் தலையில் விழாமல் பக்கத்து வீட்டில் விழும். ஆகவே சில விசைகள் அடிக்கும்பொழுது வண்டி நகராதபடி செய்ய வேண்டியதாயிற்று. அதுவே நகரா விசை. புள்ளியை முதலில் அடி, வண்டி நிற்கும். பிறகு 'க'வை அடி. அதே இடத்தில் 'க' விழுந்து, 'க்' ஆகி, வண்டி நகரும். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி நாட்டுத் திரெஸ்டன் நகரத்துச் சைடல் நௌமான் நிறுவனத்தார் அவர் அமைப்பின்படி பொறிகளைச் செய்தனர். பிறந்த மண்ணை விட்டுப் போய்க் கணக்கெழுதிப் பிழைத்த ஒருவர், ஓய்ந்த நேரத்தில் இரும்புக்குத் தமிழ் கற்பித்தார்.

வெளியூர் போன தமிழர்க்கு இவ்வாசை வழிவழியாய் வருகிறது போலும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இலேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 'கணியன்' அமைப்பையும் இணையத் தமிழையும் தம் உயிராய்க் கொண்டு உழைத்து 1999-இல் மறைந்தார். அம்மா சமைத்தபடியே சமைக்க வேண்டும் என்னும் பிடிவாதம் வீட்டை விட்டுப் போன பிள்ளைக்குத்தானே மிகுதி!

நிற்க. முத்தையாவின் முறையில் புள்ளி முன்னே, எழுத்துப் பின்னே. இன்றைய கணினியின் உலகப் பொது எழுத்துமுறையாகிய யூனிகோடில் எழுத்து முன்னே, புள்ளி பின்னே. 'க' வுக்கு ஓர் எண், அதன்பின் புள்ளிக்கு ஓர் எண், இரண்டும் சேர்ந்து 'க்'. கொம்பும் அவ்வாறே. தாளில் கொம்பு இடப்புறம் நிற்பதால் தட்டச்சில் முதலில் அடிப்போம். யூனிகோடோ, கண்ணுக்கு எப்படித் தோன்றினாலும், 'க' முன், கொம்பு பின் என்று கேட்கிறது. மாமாவின் விரல் ஒரு வரிசையில் வருகிறது. கணினி அதற்கு நேர்மாறான வரிசையைக் கேட்கிறது. இடையில் நின்று இருவரையும் சமாதானம் செய்ய வேண்டியது பலகையின் கடமை.

அதற்கு நான் எழுதிய கட்டளை இது. புள்ளி வந்தால் ஒன்றும் அனுப்பாதே, மனத்தில் வைத்துக்கொள். அடுத்து உயிர்மெய் வந்தால் அதனை அனுப்பிவிட்டுப் பிறகு புள்ளியை அனுப்பு. சொல்வதற்கு இரண்டு வரி; பிழையின்றி எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த நிரல் 'சி' என்னும் மொழியிலானது. ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் முப்பது குற்றச்சாட்டுகளை அடுக்கும். எங்கள் இலாகாவின் விளக்கக் கடிதமே தேவலாம்.

நம் பலகை கணினிக்கு அனுப்பவல்லது விசை எண்ணை மட்டுமே என்றேன். அப்படியானால் தமிழெழுத்தை எப்படி அனுப்புவது? சங்கத்திலிருக்கும் பழங்கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. அதில் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்து 'U' வைத் தட்டி, எழுத்தின் எண்ணைத் தட்டி, இடைவெளி விட்டால் அவ்வெழுத்து வந்துவிடும். 'க' வின் எண் 0பி95. ஆகவே 'க' என்னும் ஓரெழுத்துக்குப் பலகை, நாம் அறியாமலே, ஆறு தட்டுகளைத் தட்டுகிறது. 'க்' என்றால் பன்னிரண்டு. 'ஸ்ரீ' என்றால் நான்கு எண்கள், இருபத்து நான்கு தட்டு! போர்ட் பிளேயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனதிலிருந்து நமக்கு அவ்வெழுத்து நாள்தோறும் தேவைப்படுகிறது. அதற்கு மேல்வரிசையில் தனி விசையே கொடுத்துவிட்டேன். எல்லா மென்பொருளிலும் இம்முறை செல்லாது. நாங்கள் பயன்படுத்தும் எழுதுகருவியில் செல்கிறது, அது போதும்.

முதல் நாள் மாமா அமர்ந்தார். புள்ளியைத் தட்டினார். திரையில் ஒன்றுமில்லை, பலகைதான் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறதே! தாளில் அடித்தவருக்கு அடித்தவுடன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறுபடி தட்டினார், மறுபடி தட்டினார். "உன் பொறி செவிடு" என்றார். என்ன செய்யலாம் என்று பார்த்தேன். சில்லில் பயன்படுத்தத்தக்க முனைகள் 18. கம்பிகள் 17 போக ஒன்று எஞ்சியிருந்தது. அதில் ஒரு சிறு சிவப்பு விளக்கைப் பொருத்தினேன். புள்ளி காத்திருக்கும்பொழுது எரியும். எழுத்து வந்ததும் அணையும். ரயில்வேக்காரன் வைத்த கைகாட்டி என்று அவரே பெயரிட்டார்.

அடுத்தது நடுக்கம். விரல் விசையை விட்டு எழும்போது அதிர்ந்து மீண்டும் பட்டுவிடும். 'க' ஒன்றுக்கு இரண்டு விழும். ஒரே விசை 400 மில்லிவிநாடிக்குள் மறுபடி வந்தால் தள்ளிவிடு என்று கட்டளையிட்டேன். நடுக்கம் மறைந்தது. ஆனால் 'அக்கா' உடைந்தது, 'அப்பா' உடைந்தது, 'அம்மா' உடைந்தது. பழைய தட்டச்சில் 'அக்கா' என்பது அ, புள்ளி, க, க, கால். அந்த இரண்டாவது 'க'வையும் நடுக்கம் என்று எண்ணிப் பலகை விழுங்கிவிட்டது. உறவுமுறைச் சொற்களே முதலில் ஒடிந்தன என்பதை எண்ணிச் சிரித்தோம். பிறகு அவர் தட்டுகளை அளந்து பார்த்தேன். நடுக்கத்தால் விழும் இரண்டாம் தட்டு ஏறக்குறைய 100 மில்லிவிநாடிக்குள் வந்துவிடுகிறது. மனமறிந்து தட்டும் இரண்டாம் தட்டு ஒருபோதும் 250-க்குக் குறையவில்லை. எல்லையை 150-இல் நிறுத்தினேன். அக்கா மீண்டாள்.

விடுப்பு முடிந்து நான் அக்கரை போனபின்னும் திருத்தங்கள் நின்றபாடில்லை. சென்னையிலிருந்து கடலடியில் இழுத்து வந்த கம்பிவடம் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியிராவிட்டால் இவ்வேலை நடந்திராது. இரவில் காணொலியில் மாமா பலகையைக் காட்டுவார். நான் திருத்திய நிரலை அனுப்புவேன். என் தமக்கை மகள் அதனைப் பலகையில் ஏற்றுவாள். ஒருநாள் ஏற்றும்பொழுது மின்சாரம் போயிற்று. பலகை பேச்சு மூச்சற்றுக் கிடந்தது. குழந்தை அழுதுவிட்டாள். நல்ல காலமாக, சில்லில் புது நிரலை ஏற்றிக்கொள்ளும் சிறுபகுதி தனியறையில் பத்திரமாக இருப்பது. இரண்டு முனைகளைப் புருவம் திருத்தும் இடுக்கியால் இருமுறை தொடச் செய்து உயிர்ப்பித்தோம். இப்பொழுது அவள் என்னைக் கேளாமலே நிரலைத் திருத்துகிறாள். விசைகளின் தலையில் நகப்பூச்சால் தமிழெழுத்து எழுதியதும் அவளே. ரோஜா நிறம், மாமா பொறுத்துக்கொண்டார்.

கெளுத்தி மீன் கதையையும் சொல்லிவிட வேண்டும். பழைய தட்டச்சில் 'கௌரவம்' என்பதன் முதலெழுத்தை அடிக்கக் கொம்பு, க, ள என்று மூன்றையும் அடிப்போம். 'கெளுத்தி'யின் தொடக்கத்திலும், உகரக் குறி நீங்கலாக, அதே மூன்று. தாளில் இரண்டும் ஒன்றுபோல் விழும். படிப்பவர் பொருளறிந்து படிப்பார். கணினிக்கோ ஔகாரத்துக்குத் தனி எண், ளகரத்துக்குத் தனி எண். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றினாலும், பின்னாளில் ஒரு சொல்லைத் தேடினால் பிழையாக எழுதியது அகப்படாது. நான் மிகக் கெட்டிக்காரத்தனமாக, கொம்பும் எழுத்தும் ளகரமும் வந்தால் ஔகாரமாக்கிவிடு என்று கட்டளை எழுதியிருந்தேன். மீன் விலை பற்றிய பழைய தீர்மானம் ஒன்றை மாமா அடித்தபோது, கெளுத்தி கௌரவம் பெற்று, உகரக் குறியொன்று வட்டத்தின்மேல் தொங்க, எந்த மொழியிலும் இல்லாத ஒரு பிராணியாகத் திரையில் நீந்தியது. அக்கட்டளையை அழித்துவிட்டு, ஔகாரக் குறிக்குத் தனி விசை வைத்தேன். பொறிக்குப் பொருள் தெரியாத இடத்தில் அதற்கு அதிகாரம் கொடுக்கலாகாது. தீர்மானம் மனிதரிடமே இருக்கட்டும்.

ஒரு விசையைத் தட்டினால் ஒரு முழு வாக்கியமே வரும்படியும் செய்யலாம். 'பெரார்கஞ்ச், தென் அந்தமான்' என்பதற்கு ஒரு விசை வைத்தேன், மாமா பயன்படுத்துகிறார். சங்கத்தின் பெயருக்கும் ஒன்று வைத்தேன். அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, ஒவ்வொரு கூட்டக் குறிப்பின் தலையிலும் அதை எழுத்தெழுத்தாக அடித்துத்தான் தமக்குப் பழக்கம் என்றார். எடுத்துவிட்டேன். பட்டியல் அவருடையது, நான் எழுதிக் கொடுப்பவன்.

நம் குழந்தைகளுக்கு ஒரு சொல். நீங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவதை நான் குறைசொல்ல வரவில்லை. நானும் அவசரத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் விசையின் மேல் எழுதியிருப்பது ஆங்கிலம் என்பதனால் அப்படித்தான் எழுதியாக வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே இருப்பது எண் மட்டுமே. செய்து பார்க்க விரும்புவோர் ஒன்பது விசைப் பலகையிலிருந்து தொடங்கலாம். மூன்று வரிசை, மூன்று நிரை, ஆறு கம்பி. இரண்டு மாலைப்பொழுது போதும். சூடான ஈயக்கோல் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது நலம்.

ஐந்து குறிப்பேடுகளில் இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவதில் பாதி ஆயிற்று. சில பக்கங்களில் மாமாவுக்கே எழுத்துப் பிடிபடவில்லை. அப்பக்கங்களைப் படமெடுத்து வாயிலருகே ஒட்டியிருக்கிறோம். அக்கூட்டங்களில் கலந்துகொண்ட மூத்தோர் பார்த்து, நினைவிருப்பதைச் சொல்லியுதவ வேண்டுகிறேன்.

சென்ற மாதம் என் தமக்கை மகள் ஒரு சேதி அனுப்பினாள். மாமா மூன்றாம் குறிப்பேட்டை அடித்துக்கொண்டிருந்தாராம். திருப்பு விசையைத் தட்டாமலே சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. பலகையில் ஏதோ பழுது என்று எண்ணி அவள் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். பழுதன்று. மேசைமேல் கிடந்த வலக்கை ஊர்ந்து வந்து, அதன் சிறுவிரல் தன் பழைய இடத்தில், புள்ளியின்மேல் இருந்தது. மறுநாள் அது அடிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் இருமுறை அடித்ததாம். மருத்துவர் இதுபற்றி ஒன்றும் உறுதி கூறவில்லை.

பலகை மேடையின் இடப்புற மேசைமேல் இருக்கிறது. நாடகத்துக்கு முன் பத்து நிமிடம் இருப்பதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். குழந்தைகள் வந்து தொட்டுப் பார்க்கலாம். தேநீர்க் குவளையோடு வருவோர் மட்டும் சற்றே எட்ட நின்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.